30 கிலோவுக்குள் மட்டக்களப்பு

வெளிநாட்டுக்கு ஆள் போகிற வீட்டை மட்டக்களப்பில் விலாசம் கேட்டுத் தேடத் தேவையில்லை. செத்தல் மிளகாய் வறுக்கிற கமறல் ஒழுங்கை முழுக்க நிற்கும்; தும்மிக்கொண்டே போனால் வீடு வந்துவிடும். நடு ஹோலில் பெட்டி வாய் பிளந்து கிடக்கும். அம்மா, மாமி, பெரியம்மா மூவரும் ஆளுக்கொரு கருத்தோடு சுற்றி நிற்பார்கள். போகப்போகிற பிள்ளையிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். "அங்க எல்லாம் கிடைக்கும் அம்மா" என்று அவன் சொன்னால், "கிடைக்கும் கிடைக்கும், நீ சும்மா இரு மனே" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அவன் சொல்வதில் பாதி உண்மை. ரொரன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் தமிழ்க் கடைக்குள் நுழைந்தால் எங்கள் ஊர்ச் சந்தையில் கிடைப்பதில் பெரும்பங்கு அங்கேயே இருக்கிறது. டோஹாவிலும் டுபாயிலும் இலங்கைச் சாமான் விற்கிற கடைகள் உண்டு. கிறீம் கிறேக்கர், தேயிலை, அப்பளம், நூடில்ஸ், சமபோஷ இவற்றையெல்லாம் பெட்டியில் அடுக்குவது நிறையை வீணாக்குகிற வேலை. கடையில் வாங்கினால் விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் விமான நிலையத்தில் மேலதிக நிறைக்குக் கட்டுகிற காசுக்கு அதே பிஸ்கட்டை வருசம் முழுக்கச் சாப்பிடலாம். பெட்டியில் இடம் பிடிக்கவேண்டியது வீட்டுக் கை படுகிற சாமான்தான்: தூள், கருவாடு, சம்பல், கொஞ்சம் பலகாரம்.

முதலில் கிலோக் கணக்கு. டிக்கெட்டில் 30 என்று இருந்தாலும் 30 கிலோவும் உங்களுடையது இல்லை. வெறும் பெட்டியே 3 முதல் 5 கிலோ இருக்கும். உடுப்பு, செருப்பு, போர்வை என்று 9 கிலோ போனால் சாப்பாட்டுச் சாமானுக்கு மிஞ்சுவது 16, 17. அதிலும் ஒரு கிலோவைத் தொடாமல் விடுங்கள். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒரே கணக்குச் சொல்வது அபூர்வம். சில விமான நிறுவனங்கள் மொத்த நிறையைப் பார்க்கும். வேறு சில, ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்று தனித்தனியாகப் பார்க்கும். இரண்டாவது வகையில் ஒரு பெட்டி 27, மற்றது 19 என்று கொண்டுபோய், கூட்டினால் சரிதானே என்று வாதாடிப் பலனில்லை. வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் முன்னால் பெட்டியைத் திறந்து சாமான் மாற்றவேண்டி வரும். கருவாடு மேலே இருந்தால் வரிசை தானாகவே விலகிவிடும். எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக்கூடாது. அது தூக்கி ஏற்றுகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த எல்லை, காசு கட்டினாலும் விடமாட்டார்கள்.

பெட்டியைக் கொளுவித் தூக்குகிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆள் நிறை பார்க்கிற தராசில் முதலில் வெறுங்கையோடும் பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டும் ஏறி நின்று கழித்துப் பாருங்கள். பெட்டியையே தராசின் மேல் வைத்தால் முள்ளும் தெரியாது, நிறையும் சரியாகக் காட்டாது.

இனித் தூள். பெட்டியின் ராஜா இதுதான், இதற்குத்தான் இடம் ஒதுக்கவேண்டும். இரண்டரைக் கிலோ அளவில் தூள் வேண்டுமானால் செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 250 கிராம், நற்சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, மஞ்சள் 25 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. வீட்டுக்கு வீடு இந்த அளவு மாறும். மிளகாயைக் கூட்டுகிற மாமியும் மல்லியைக் கூட்டுகிற பெரியம்மாவும் ஒரே அடுப்படியில் நின்றால் அன்றைக்கு வறுப்பு நடக்காது, ஆகவே ஒருவரைச் சந்தைக்கு அனுப்பிவிடுங்கள். மிளகாயின் காம்பை முறித்து ஒரு நாள் வெயிலில் போட்டால் வறுக்கிற நேரம் பாதியாகும். எல்லாவற்றையும் தனித்தனியாக, சிறு நெருப்பில். மல்லி வாசம் எழும்பி நிறம் ஒரு படி மாறினால் போதும். மிளகாய் முறித்தால் சடக்கென்று முறியவேண்டும், கறுக்கக்கூடாது. வெந்தயத்தில்தான் பலரும் கோட்டைவிடுவது. அது பொன்னிறம் தாண்டிச் சிவந்தால் முழுத் தூளும் கசக்கும், அதற்குப் பிறகு மாற்று மருந்து கிடையாது. கறிவேப்பிலை கையில் நொறுங்குகிற பதத்துக்கு வரட்டும். இலையில் ஈரம் மிஞ்சினால் தூள் கட்டி பிடிக்கும், கட்டி பிடித்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

மில்லில் உங்களுக்கு முன்னால் யார் திரித்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் என்றால் நில்லுங்கள், அரிசிமா என்றால் இன்னொருவரை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். திரித்த தூள் சுடச்சுட வரும். அந்தச் சூட்டோடு பையில் கட்டினால் உள்ளே வேர்க்கும். ரொரன்ரோவில் திறக்கும்போது வருகிற புழுங்கல் மணத்துக்குக் காரணம் அங்கத்தைய குளிரில்லை, இங்கே காட்டிய அவசரம். பெரிய தாம்பாளத்திலோ பழைய வேட்டியிலோ பரப்பி, முற்றாக ஆறும் வரை விடுங்கள். பிறகு அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கட்டுங்கள். இரண்டரைக் கிலோவும் ஒரே பையில் இருந்து உடைந்தால் எல்லாம் போச்சு. சின்னப் பை உடைந்தால் ஒரு சேட்டோடு முடியும். பக்கத்து அறைக்காரனுக்கு ஒன்றைத் தூக்கிக் கொடுக்கவும் வசதி. காற்றை நன்றாக அமர்த்தி வெளியேற்றி, பையைத் தட்டையாக்குங்கள். மேலே பறக்கும்போது அழுத்தம் குறைவதால் உள்ளே மிஞ்சிய காற்று விரியும், பலூன்போல ஊதிய பைதான் வெடிக்கிற பை. மேலே என்ன சாமான் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாத மாவுக்கட்டியைப் பார்த்தால் எந்தச் சுங்க அதிகாரிக்கும் கை பரபரக்கும்.

கருவாட்டில் காலம் பார்க்கவேண்டும். மே தொடக்கம் ஆகஸ்ட் வரை, கச்சான் காற்று அனலாய் வீசுகிற மாதங்களில் காய்ந்த கருவாடு வேறு, மாரியில் வாங்குகிற கருவாடு வேறு. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் நவம்பர், டிசம்பரில் எவ்வளவு நல்ல கருவாடும் நசநசவென்று இருக்கும். தை மாதம் போகிற ஆளுக்குப் புரட்டாதியிலேயே வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிடுவது கெட்டித்தனம். கட்டாவோ சுறாவோ, எந்தத் துண்டுக் கருவாடானாலும் செட்டை, வால், தலை எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். பையைக் குத்தி ஓட்டையாக்குவது அவைதான். ஒரு முள்ளுக் குத்தினால் போதும், பெட்டியிலுள்ள அத்தனை சேட்டுக்கும் சேர்த்து மணம். நெத்தலியின் தலையையும் குடலையும் இங்கேயே நீக்கினால் நிறை குறையும், அங்கே வேலையும் குறையும். கூனி இறால் நிறையே இல்லாத சாமான்; கால் கிலோ ஒரு பெரிய பை. ஆனால் அதில் கடற்கரை மணல் இருக்கும். அரிதட்டில் அரித்து, எண்ணெய் விடாமல் சட்டியில் ஐந்து நிமிடம் வறுத்து, ஆறவைத்துக் கட்டினால் அங்கே தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்த உடனே சம்பல் ரெடி.

கட்டுகிற முறை: மட்டைக் கடதாசியில் சுற்று, பொலித்தீன் பை, அதன்மேல் இன்னொரு பொலித்தீன் பை, கடைசியில் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, மூடியைச் சுற்றி டேப். தேயிலை கொண்டுபோவதென்றே பிடிவாதம் பிடித்தால் அதை வேறு பெட்டியில் வையுங்கள். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தைத் தேயிலை இழுத்துக்கொள்ளும், நெத்தலித் தேத்தண்ணியை யாரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள்.

கருவாடு பொரிப்பது அங்கே ஒரு சமூகப் பிரச்சினை என்பதையும் சொல்லவேண்டும். லண்டன் பிளாட்டில் புகை அலாரம் கத்தும். டோஹாவில் எட்டுப் பேர் ஒரு குசினியைப் பங்கிடுகிற இடத்தில் அலாரம் இல்லாவிட்டாலும் ஆட்கள் கத்துவார்கள். சுடுதண்ணியில் பத்து நிமிடம் ஊறவைத்து, கத்தரிக்காயோடு புளி விட்டுக் குழம்பாக்கினால் மணம் பாதியில் நிற்கும். பொரித்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்து வீட்டாரும் எங்கள் ஆட்களாக இருக்கிற இடத்தில் குடியிருக்கவேண்டும்.

சீனிச் சம்பலில் எதிரி வெங்காயத் தண்ணி. ஒரு கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லிசாகச் சீவி, தாராளமாக எண்ணெய் விட்டு, சிறு நெருப்பில் முக்கால் மணிக்கும் மேலே கிளறவேண்டும். ஏலம், கறுவா, கராம்பு, ரம்பை ஆரம்பத்திலேயே போகும். வெங்காயம் சுருண்டு பொன்னிறமான பிறகு கட்டை மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, இடித்த மாசிக் கருவாடு 50 கிராம், கெட்டிப் புளிக்கரைசல் கொஞ்சம், சீனி கடைசியில். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கவேண்டும். அவசரத்தில் பெரு நெருப்பு வைத்தால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் நிற்கும், பத்து நாளில் மேலே வெள்ளை படரும். போத்தலைக் கழுவி வெயிலில் காயவைத்து, கழுத்துக்கு இரண்டு விரல் கீழே வரை நிரப்பி, வாயில் பொலித்தீன் துண்டு வைத்து அதன்மேல் மூடியை இறுக்குங்கள். இது கைப்பைக்குள் போகாது. சம்பல், ஊறுகாய், கித்துள் பாணி எல்லாமே சோதனையில் தண்ணிக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் பறித்துவிடுவார்கள். போத்தலைச் சுற்ற குமிழிப் பிளாஸ்டிக் தேடி அலையவேண்டாம். மருதமுனைக் கைத்தறிச் சாறன் இரண்டு மடிப்பாகச் சுற்றினால் போத்தலும் தப்பும், போன இடத்தில் கட்டிக்கொள்ள ஒரு சாறனும் இருக்கும்.

பலகாரம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முறுக்கை ஐஸ்கிறீம் டப்பாவில் வைத்தால் தூளாகத்தான் இறங்கும். பழைய பால்மா ரின்னில் வைத்து, இடைவெளியைக் கடதாசியால் அடையுங்கள். பயத்தம் உருண்டை, பொரிவிளாங்காய் பயணம் தாங்கும். காத்தான்குடி மஸ்கற்றும் தொதலும் தாங்கும், ஆனால் எண்ணெய் கசியும், நிறையோ இரும்பு. அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. எருமைத் தயிரைப் பற்றி மட்டும் யோசிக்கவே வேண்டாம். சட்டியோடு வீட்டில் வைத்து, வெளிக்கிட முன்னம் பாணி விட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

தயிரை உடையாமல் கொண்டுபோக வழி தேடினாலும் பலனில்லை. சுவிஸும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் வெளியிலிருந்து வருகிற பயணியின் பையில் இறைச்சியும் பாற்பொருளும் வரவிடுவதில்லை. தயிர், நெய், இறைச்சி வற்றல் எல்லாம் அதில் அடங்கும். மீனுக்கு 20 கிலோ வரை இடம் இருக்கிறது, அதனால் கருவாட்டுக்கும் மாசிக்கும் பயமில்லை. பச்சை இலை, பழம், காய்க்கு 2019 டிசம்பரிலிருந்து ஒன்றிய நாடுகளிலும் 2020 ஜனவரியிலிருந்து சுவிஸிலும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். விலக்கு அன்னாசி, தேங்காய், வாழை, டுரியன், பேரீச்சம்பழம் ஐந்துக்கு மட்டுந்தான். முற்றத்துக் கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி ஒளித்துவைக்கிற வேலையை அம்மாமார் இனி விடவேண்டும். அதைத் தூளுக்குள் வறுத்துப் போட்டாயிற்றே. வளைகுடாவுக்குக் கசகசா ஒரு சிட்டிகையும் ஆகாது, அங்கே அது போதைப்பொருள் கணக்கு. டுபாய்க்கு வெற்றிலையும் வேண்டாம். அவுஸ்திரேலியாவில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதென்று படிவத்தில் குறித்துவிடுங்கள். சொன்னால் எடுத்துக் குப்பையில் போடுவதோடு சரி, மறைத்தால் தண்டம். கொப்பரா எந்த விமானத்துக்கும் வேண்டாம். எண்ணெய்ப் பிடிப்பால் தானே சூடேறிப் பற்றக்கூடிய சாமான் என்று அதை ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் முடிந்து பெட்டியைப் பூட்டுகிற நேரத்தில்தான் வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கேட்கும். "மனே, ஒரு சின்னப் பாசல்தான், நம்மட பொடியனுக்கு." சின்னப் பாசல் என்பது குறைந்தது இரண்டு கிலோ. அதைக் கொண்டுவருகிற மாமிக்குப் பின்னால் இன்னும் மூன்று மாமிமார் வந்துகொண்டிருப்பார்கள். மறுக்கவும் ஏலாது, உங்கள் மகனுக்குப் போன வருசம் பாசல் கொண்டுபோனது அவரது மருமகன்தான். செய்யக்கூடியது இது: போகிற நாளை ஊருக்குச் சொல்லும்போது இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். வீட்டுக்கு அரைக் கிலோ என்று வரம்பு வையுங்கள். தராசை வாசலிலேயே வைத்துவிட்டால் வாய்விட்டுச் சொல்லவேண்டிய அவசியமும் வராது. கட்டிய பாசலை வாங்காதீர்கள். "திறந்து ஒருக்காப் பாக்கிறன் மாமி, அங்க கேட்டா நான்தானே சொல்லோணும்" என்றால் எந்த மாமியும் கோபிக்கமாட்டார். உள்ளே பெயர் தெரியாத குளிசை இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வயிற்று நோவுக்கும் இருமலுக்கும் இங்கே சாதாரணமாகத் தருகிற சில மருந்துகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. டொக்டரின் துண்டு இல்லாமல் பிடிபட்டால் மருந்து யாருடையது என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள், பெட்டி யாருடையது என்றுதான் கேட்பார்கள்.

கட்டுநாயக்காவுக்குப் போகிற பாதையையும் கணக்கில் எடுக்கவேண்டும். மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ளை, குருநாகல் தாண்டி, கிரியுல்ல, மினுவாங்கொடைப் பக்கம் இறங்கினால் கொழும்புக்குள் போகாமலே சேரலாம். வேனில் ஏழெட்டு மணித்தியாலம். அம்பாறையிலிருந்து மகாஓயா, மகியங்கனை, கண்டி வழியாகப் போகிறவர்கள் மலைப்பாதையின் 18 வளைவில் போத்தல்கள் எந்தப் பக்கம் சரியும் என்று முதலே யோசித்து அடுக்கவேண்டும். அதே வளைவில் வழியனுப்ப வருகிற சித்தியின் நிலைமையையும் யோசித்து ஒரு பையை முன்னாலேயே எடுத்துவையுங்கள். இரவு ஒன்பதுக்கு விமானம் என்றால் ஆறு மணிக்கு உள்ளே நிற்கவேண்டும், அப்படியென்றால் காலை ஒன்பதுக்கு வேன் உருளவேண்டும். ஒன்பது பேர் வழியனுப்ப வந்தால் எட்டு மணிக்கு. ஆளுக்கொரு தேத்தண்ணி, ஆளுக்கொரு தரம் இறங்குதல் என்று அந்த ஒரு மணித்தியாலம் ஹபரணையிலேயே முடிந்துவிடும். மாலைக்குப் பிறகு மின்னேரியா, ஹபரணைப் பக்கம் யானை வீதிக்கு வரும் என்பதால் இரவுப் பயணத்தில் இன்னும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு சமையல் வகுப்பு வாட்ஸ்அப்பில் நடக்கும். கட்டார் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால்; அங்கே இரவு எட்டுக்குச் சமைக்கத் தொடங்கினால் அம்மாவுக்குப் பத்தரை, கொட்டாவியோடு வழிகாட்டுவார். ரொரன்ரோவுக்குக் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம். அங்கே பின்னேரம் ஏழரைக்கு அடுப்புப் பற்றவைத்தால் இங்கே கோடையென்றால் விடிய ஐந்து, அம்மாவே எழும்பி அடுப்படியில் நிற்கிற நேரம், இதைவிட நல்ல பொருத்தம் கிடைக்காது. தகராறு வருவது அளவில். "ஒரு சுண்டு அரிசிக்கு ரெண்டு சுண்டு தண்ணி" என்று அம்மா சொல்வார். அங்கே இருப்பது கப்பும் ரைஸ் குக்கரோடு வந்த கோப்பையும். ஒரு சுண்டு என்பது ஒரு ரின்பால் பேணி அளவுதான்; வெறும் பேணி ஒன்றைக் கழுவி, அதற்குள் கறுவாவும் ஏலமும் அடைத்துப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுங்கள். நிறை ஒன்றும் இல்லை, போனில் நடக்கிற சண்டையில் பாதி குறையும்.

பெட்டி திறந்த அன்றே தூளில் ஒரு பையை மட்டும் வெளியே வைத்து மற்றவற்றைப் பிரீசரில் போடவேண்டும்; மல்லியோடு கூடவே வருகிற வண்டு முட்டை பொரிக்காது, வாசமும் மாதக்கணக்கில் நிற்கும். கூனியும் அப்படியே. சம்பலுக்குக் காய்ந்த கரண்டி. கூட்டாளிகள் வந்து திறந்து பார்க்க முன்னம் தனக்கென்று எதை ஒதுக்குவது என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடலாம். ஆனால் மஸ்கற் அன்றைக்கே முடியும், அதை ஒளித்து வைத்தவர் எவரும் கிடையாது.

அடுத்த கிழமையே அம்மா கேட்கப்போவது சம்பல் எப்படி இருந்தது என்று இல்லை, அந்த நீல மூடி டப்பா எங்கே என்றுதான். ஆகவே டப்பாக்களின் அடியில் வீட்டுப் பேரை அழியாத பேனாவால் எழுதி அனுப்புங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, லீவில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிட்டால் போதும். அவற்றுக்குள் கொஞ்சம் சொக்லேற்றும் போட்டால் கேள்வி குறையும். சொக்லேற்றைப் பெட்டி ஓரத்தில் வைக்காமல் உடுப்புக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். கட்டுநாயக்காவிலிருந்து வேன் டிக்கியில் ஏழெட்டு மணித்தியாலம் வெயிலில் வருகிற சாமான் அது.